அஞ்சு மாசக் குட்டிக்குப் பத்து மாசக் கர்ப்பம்! ரோ மான் வயித்துக்குள்ள என்னதான் நடக்குது?

[காட்சி: பனி மூடின வயல். காட்டோரத்துல ஒரு பெண் மான் தலையைத் தூக்கிப் பார்க்குது.]

இந்த மானைப் பாருங்க. டிசம்பர் தொடக்கம். இவ இணை சேர்ந்தது ஆகஸ்ட்ல. நாலு மாசம் ஓடிப்போச்சு. ஆனா வயித்துல இருக்குற கரு இன்னும் கடுகளவுகூடத் தேறாது! கரு செத்துப்போகல, நோயும் இல்ல. வேணும்னேதான் காத்துக்கிட்டு இருக்கு.

வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப்போறது ரோ மான். ஐரோப்பாவுல காட்டோரம், வயலோரம்னு எங்க பார்த்தாலும் இருக்குற சின்ன மான். தோள் உயரம் முக்கால் மீட்டருக்குள்ள, எடை 15லேர்ந்து 30 கிலோ. பயந்தா நாய் மாதிரி குரைக்கும். அறிமுகம் இது போதும், வயித்துக்குள்ள போவோம்.

செம்மான் மாதிரி பெரிய மான்கள் இலையுதிர்காலத்துல இணை சேரும். ரோ மான் மட்டும் நடுக்கோடையில, ஜூலை பாதியிலேர்ந்து ஆகஸ்ட் பாதிக்குள்ள முடிச்சிடும். கலை பிணையைத் துரத்தும். ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறின்னு தமிழ்ல தனித்தனிப் பேர் இருக்கே, இங்க சொல்லாம வேற எங்க சொல்றது! ஒரு புதரைச் சுத்திச் சுத்தித் துரத்துனதுல புல்லுல வட்டமாத் தடமே விழுந்துடும். ஜெர்மன் வேட்டைக்காரங்க ‘பீச்’ (beech)ங்கிற காட்டு மரத்தோட இலையை உதட்டுல வச்சு ஊதுவாங்க. பிணை கூப்பிடுதுன்னு நினைச்சுக் கலை ஓடி வரும். அதனால அந்தப் பருவத்துக்கே அவங்க மொழியில ‘இலைக் காலம்’னு பேரு.

இப்போ கணக்குப் போடுங்க. ஒரு மறி முழுசா வளர அஞ்சு மாசம் போதும். ஆகஸ்ட்ல கரு உருவானா ஜனவரியில பொறக்கணும். கொட்டுற பனியில! ஆனா பொறக்குறது மே, ஜூன்ல. நடுவுல அஞ்சு மாசம் எங்க போச்சு?

இலையுதிர்காலத்துல பிணையோட வயித்தைத் திறந்து பார்த்தவங்களுக்குக் குட்டியோட அடையாளமே கிடைக்கல. 1854ல தியோடர் பிஷோஃப்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி இதை விவரமா எழுதினாரு: கரு கோடையிலேயே உருவாகிடுது, ஆனா கருப்பைச் சுவர்ல ஒட்டாம அப்படியே மிதக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான். அந்தக் கரு மொத்தமா நின்னுபோச்சுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க. 2021ல சூரிச் விஞ்ஞானிகள் நெருங்கிப் பார்த்தா, அது நிக்கவே இல்ல. செல்கள் பிரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. ஒரு தடவை இரட்டிப்பாக ரெண்டு மூணு வாரம்! மனுஷக் கருவுக்கு ஒரு மாசத்துக்குள்ள இதயம் துடிக்க ஆரம்பிச்சிடும். இங்க நாலு மாசம் ஆகியும் இதயம்னு ஒண்ணு உருவாகத் தொடங்கவே இல்ல. அடுப்பை அணைக்கல நண்பர்களே, சிம்ல வச்சிருக்கா! அப்புறம் கருப்பைத் திரவத்துல சில அமினோ அமிலங்கள் கூடக் கூட, கரு வேகமெடுக்குது. ஜனவரி வாக்குல சுவர்ல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் எல்லா மான் மாதிரியும் கிடுகிடுன்னு வளரும்.

இவ்வளவு பாடும் எதுக்கு? ரோ மான் உடம்புல கொழுப்பைப் பெருசா சேர்த்து வைக்காது. பால் சுரக்கணும்னா அன்னன்னைக்கு மேயுற தளிர்தான் கதி. அதனால தளிர் கொழிக்குற நேரத்துல பிரசவம் நடந்தே ஆகணும். பெரும்பாலும் இரட்டை மறி.

[காட்சி: உயரமான புல். விலக்கினா, வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு மறி சுருண்டு படுத்திருக்கு. காது மட்டும் முதுகோட ஒட்டியிருக்கு.]

அம்மா ரெண்டையும் தனித்தனி இடத்துல ஒளிச்சு வைப்பா. நரி ஒண்ணைக் கண்டுபிடிச்சாலும் இன்னொண்ணு தப்பிக்கும். மறிக்கு வாசனையே கிட்டத்தட்ட கிடையாது. ஆபத்து வந்தா ஓடாது, தரையோட தரையா ஒட்டிக்கும். நரிகிட்ட இது பலிக்கும். புல் வெட்டுற இயந்திரம் வந்தா? அப்பவும் இது அசையாமத்தான் படுத்திருக்கும். புல் வெட்டுறதும் அதே மே, ஜூன்லதான். இப்போ ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல விடியக்காலையிலேயே வெப்பக் கேமரா பொருத்துன ட்ரோனைப் பறக்கவிட்டுத் தேடுறாங்க. கையுறை போட்டு, கைநிறையப் புல்லோட சேர்த்துத் தூக்கி ஓரமா வைக்கிறாங்க. இந்த வேலை பண்றவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். தனியாக் கெடக்குற மறியை நீங்க எங்கயாவது பார்த்தா தயவுசெஞ்சு தொடாதீங்க. அது அனாதை இல்ல, அம்மா பக்கத்துலதான் மேய்ஞ்சுக்கிட்டு இருப்பா. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது வீடியோவை நாலு பேருக்கு அனுப்புங்க.

கடைசியா ஒண்ணு, கொஞ்சம் கஷ்டமான விஷயம். பிரான்ஸ்ல த்ரோவா ஃபோந்தேன்ங்கிற காட்டுல 27 வருஷம், 1985லேர்ந்து 2011 வரை, மறி பொறக்குற தேதியைக் குறிச்சு வச்சாங்க. அந்தக் காலத்துல வசந்தம் முன்கூட்டியே வர ஆரம்பிச்சிடுச்சு. பொறக்குற தேதி மட்டும் நகரவே இல்ல. இந்த மானோட உடம்பு வெயிலைப் பார்க்கிறதில்ல, பகலோட நீளத்தைப் பார்க்குதுங்கிறதுதான் அவங்க சொல்ற காரணம். சூடு ஏறுனாலும் பகலோட நீளம் மாறாதே! மறி பொறக்குறப்போ, அம்மா தேடிப் போற இளந்தளிர் ஏற்கெனவே முத்திப் போயிருக்கு.