ஆறு மணி நேரத்துக்கு மூன்று கிரெடிட்: ஒரு காரைக்குடிப் பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும், கூடவே வந்த ஆச்சிமார்களும் பெரியவர்களும் இருக்கிற கூட்டம், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றின் பாடத்திட்டத்தைப் புரட்டினால் தமிழுக்கு வாரம் 6 மணி நேரம், கிரெடிட் 3 என்று இருக்கும். (கிரெடிட் என்றால் பட்டக் கணக்கில் ஒரு பாடத்துக்குத் தரும் எடை.) முதன்மைப் பாடத்துக்கு 5 மணி நேரம், கிரெடிட் 5. "அப்போ தமிழ் என்ன இளக்காரமா?" என்று ஒரு ஆச்சி சற்று முன்பு கேட்டார்கள். நியாயமான கேள்வி.

யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லும் கணக்கு எளிது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட், செய்முறை என்றால் 2 மணி நேரத்துக்கு 1. இதன்படி தமிழுக்கு 6 வரவேண்டும். ஆனால் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு துறைகளுக்குப் பங்கு போடும்போது முதன்மைப் பாடம் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. சரி, வகுப்பு நேரத்தையாவது குறைக்கலாமே என்றால், உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வேலை காட்ட வேண்டும், நேரம் குறைந்தால் பணியிடம் குறையும், எந்தத் துறை சம்மதிக்கும்? ஆக கிரெடிட் என்பது பாதி கணக்கு, பாதி பஞ்சாயத்து.

இந்தக் கிரெடிட் பிறந்த கதையும் அப்படித்தான். 1905இல் அமெரிக்காவில் கார்னகி என்ற தொழிலதிபர் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். யாருக்குக் கொடுப்பது, எதைக் கல்லூரி என்று ஒப்புக்கொள்வது? அவர் அமைத்த அறக்கட்டளை ஒரு அளவு வைத்தது: பள்ளியில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட், அப்படி 14 யூனிட் முடித்தவரைச் சேர்ப்பதுதான் கல்லூரி. பென்ஷன் வேண்டுமே, கல்லூரிகள் வரிசையாக ஏற்றுக்கொண்டன. 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர் கல்லூரிச் செலவை ஒப்பிட 'மாணவர் மணி' என்று, ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரப் பாடம் என்ற இன்னொரு அளவைக் கொண்டுவந்தார். கொடை கல்லூரியை உண்டாக்குவதை 1947இல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கியபோதே இந்த ஊர் பார்த்துவிட்டது. அமெரிக்காவிலோ கொடை அளவுகோலையே உண்டாக்கிவிட்டது! பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதை அளப்பது அப்போது யாருக்கும் நோக்கமாக இல்லை.

ஐரோப்பாவில் கொஞ்சம் மாற்றி யோசித்தார்கள். அங்கே வாத்தியார் நிற்கிற நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை, மாணவர் உழைக்கிற மொத்த நேரத்தையும் எண்ணுகிறார்கள், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், ஆண்டுக்கு 60 கிரெடிட். நம் நாட்டில் 2023இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பும் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்கிறது. 4 கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேரம். வாரம் 4 வகுப்பு வீதம் 15 வாரத்தில் 60 தான் ஆகிறது. மீதி 60? நூலகம், வீடு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து உங்கள் தலையில்தான். இதை எந்தக் கால அட்டவணையும் காட்டாது.

அப்புறம் மதிப்பெண். 5 கிரெடிட் தாளில் 6 புள்ளி, 2 கிரெடிட் தாளில் 9 புள்ளி வாங்கினால் சராசரி ஏழரை என்று நினைக்காதீர்கள். புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி வரும் 30ஐயும் 18ஐயும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டான 7ஆல் வகுத்தால் 6.86 தான். சின்னத் தாளில் அள்ளி, பெரிய தாளில் கோட்டைவிடும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்வயம் என்ற மத்திய அரசுத் தளத்தின் இணையப் படிப்பையும் பலர் கேட்கிறீர்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படிக்க யூஜிசி அனுமதிக்கிறது, ஆனால் எந்தப் படிப்பை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். பதிவு செய்வதற்கு முன்னால் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பரீட்சை எழுதிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள்.