பூசுனதா, பூ செஞ்சதா?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு சொல்லுதான், பூஜை. சமஸ்கிருதத்துல பூஜா. அது எந்தச் சொல்லுலருந்து வந்துச்சுங்கிறதுதான் பேச்சு.

ஆயுத பூஜையன்னைக்கு தெருவுல என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க, சைக்கிள், தையல் மெஷின், அருவாமணை எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, சந்தனத்தைக் கொழச்சு விரலால ஒரு பூசு, நடுவுல குங்குமம், அப்புறந்தான் பூவு. எங்க அம்மாச்சி நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவாங்க, இந்த ஓரத்துல கைய வச்சா அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு, நாலு விரல் தடமும் வரிவரியா நிக்கும், காயுறதுக்குள்ள தாண்டுனா முதுகுல ஒண்ணு விழும். வாங்கிருக்கேன், அதான் மறக்கல.

இதை ஏன் சொல்றேன்னா, 1927ல ஷார்பாந்தியேன்னு ஒரு ஸ்வீடன் நாட்டு அறிஞர், பூஜாங்கிறது திராவிட 'பூசு'லருந்து போனதுன்னு எழுதுனாரு. சந்தனம் பூசுறது, எண்ணெய் பூசுறது, அந்தப் பூசுதான்.

இன்னொரு கட்சி இருக்கு. பூ செய், அதாவது பூவால செய்யுறது, அதான் பூசைன்னு. மார்க் காலின்ஸ்னு ஒரு அறிஞர் சொன்னது, வங்காள மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி எடுத்துப் பேசுனது. நம்ம மேடைகள்ல இதுக்குத்தான் கைதட்டு. எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு உறுத்தல். பூவோட வினை சேர்ந்தா நாம எப்படிச் சொல்றோம்? பூப்பறிக்க, பூத்தொடுக்க. ப் வருது, த் வருது. அப்ப பூச்செய்னுதானே வரணும், பூசெய்னு எப்படி வரும்? சரி, கன்னடம் வழியாப் போச்சுன்னு வச்சுக்கிட்டாலும், அந்தச் 'செய்' அங்க 'கெய்', கெய்லருந்து 'ஜா' வரைக்கும் வரணும்னா இன்னும் ஒரு தாண்டு தாண்டணும். பூப்பறிக்க, பூத்தொடுக்க, மறந்துடாதீங்க, அடுத்த தடவை யாராச்சும் மேடையில சொன்னா கேளுங்க. (பழந்தமிழ்ல பூசைன்னா பூனையும்தான், பாற்கடலை நக்கப் போன பூசைன்னு கம்பர் தன்னைச் சொல்லிக்கிறாரே, அது வேற பூசை, இதோட குழப்பிக்காதீங்க.)

அப்ப பூசுதான் ஜெயிச்சுதான்னா, என் மனசு அந்தப் பக்கந்தான், ஆனா அதுலயும் சிக்கல் இருக்கு. ரிக் வேதம் எட்டாம் மண்டலத்துலயே இந்திரனை 'சாசிபூஜன'ன்னு கூப்பிடுது. அவ்வளவு முன்னாடி வடக்க ஒரு வேதப் பாட்டுக்குள்ள நம்ம 'பூசு' நுழைஞ்சிருக்குமா? அதோட பழைய சடங்கு நூல்கள்ல பூஜைன்னா சிலைக்குப் பண்றது இல்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, பெரியவங்களுக்குப் பண்ற மரியாதை. அங்க சந்தனமும் இல்ல மஞ்சளும் இல்ல. வள்ளுவர் 'பூசனை'ன்னு சொல்ற காலத்துக்குள்ளதான் அது வானோருக்குப் போயிருக்கு, மழை பெய்யலன்னா அவங்களுக்கே பூசனை கிடையாதுங்கிறாரு, அந்தக் குறளைத் தனியா ஒருநாள்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரமாச்சுன்னு கையக் காட்டுறாரு. பால் தீமெங்கிற இன்னொரு அறிஞர் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே. சுருக்கமாச் சொல்லிடறேன், ஜெர்மன்காரர், 1939, திராவிடமே வேணாம், 'ப்ரிச்'னு ஒரு சமஸ்கிருத வேர் இருக்கு, கலக்குறதுன்னு அர்த்தம், விருந்தாளிக்கு தயிரும் தேனும் கலந்து குடுப்பாங்க, மதுபர்க்கம், கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கூட உண்டு, அந்தக் கலக்கல்லருந்து வந்ததுதான் பூஜாங்கிறாரு. ரி எப்படி ஊ ஆச்சுன்னு கேப்பீங்க, பிராகிருதம் வழியான்னு... சரி தம்பி, முடிச்சுட்டேன். வணக்கம்.