துண்டைப் பிழிந்தால் தண்ணீர் விழாத இடம்

நண்பர்களே, ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துத் திருகினால் திருகாணி சுழலும். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் காலை எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இதே வேலையைச் செய்தால், இறுகிப்போன ஆணி அசையாமல் இருக்கும், நீங்கள்தான் சுழல்வீர்கள்! அதனால் பாதத்தைக் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் செருகிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். சில மாதங்களில் உள்ளங்கால் தோல் மிருதுவாகிவிடும், புறங்கால் காய்ப்புக் காய்த்துவிடும். நடக்காத கால் அல்லவா?

அங்கே புவியீர்ப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால் பூமியைத் தொடுவதே இல்லை.

நான் சொல்ல வந்தது அங்கே தண்ணீர் காட்டும் விளையாட்டைப் பற்றி. 2013 ஏப்ரலில் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் நிலையத்தில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து காட்டினார். கனடாவின் இரண்டு பள்ளி மாணவிகள் கேட்ட சோதனை அது. பிழிந்த தண்ணீர் சொட்டவில்லை. துண்டைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய்போல் ஒட்டிக்கொண்டது. இன்னும் முறுக்க முறுக்க, மெல்ல நகர்ந்து அவர் விரல்கள்மேல் பசைபோலப் படர்ந்தது. தண்ணீரின் மேற்பரப்பை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசையின் வேலை. கீழே இழுத்துப் போக எடை இல்லாதபோது, தொட்டதை விடாது தண்ணீர்.

அமெரிக்க விண்வெளி வீரர் டான் பெட்டிட் 2008-இல் இதே குணத்தைக் காபி குடிக்கப் பயன்படுத்தினார். பிளாஸ்டிக் தாளை ஒருபக்கம் கூர்மடிப்பு வரும்படி வளைத்துக் கோப்பையாக்கினார். காபி அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு தானே உதடுவரை ஏறி வந்தது. விண்கலத்தின் எரிபொருள் தொட்டியில் திரவத்தைக் குழாய் வாய்க்குக் கொண்டுவருவதும் இந்த வித்தைதான். இதை வெறும் வேடிக்கை என்று எப்படி ஒதுக்குவது?

துண்டு பிழிந்து ஏறத்தாழ மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பர்மிடானோ நிலையத்துக்கு வெளியே விண்வெளி நடையில் இருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. கீழே வடியவில்லை. பின்னந்தலையில் திரண்டு, காதை மூடி, கண்ணுக்கு வந்து, மூக்கையும் அடைத்தது. கவசத்துக்குள் கை நுழையாது, துடைக்க வழியில்லை. கண் தெரியாத நிலையில், தன்னை நிலையத்தோடு பிணைத்திருந்த கம்பியின் இழுப்பைத் துணையாகக் கொண்டு, தடவித் தடவி, நிலையத்துக்குள் நுழையும் கதவறைக்கு வந்து சேர்ந்தார்.