நற்செய்தி யூதருக்கா, எல்லோருக்குமா? பந்தியில் வெடித்த சண்டை

[திரையில்: சுண்ணாம்புக் கல் பலகை ஒன்று. அதில் ஏழு வரி கிரேக்க எழுத்து.]

வேற்றினத்தார் எவரும் ஆலயத்தைச் சுற்றியுள்ள தடுப்பைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால், அதனால் வரும் சாவுக்கு அவரே பொறுப்பு. இந்த ஏழு வரிகளின் சாரம் இதுதான். 1871-இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்ட இந்தக் கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயேசுவின் காலத்தில் எருசலேம் ஆலயத்தின் முற்றத்தில் இத்தகைய எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. வெளிமுற்றம் வரை யாரும் வரலாம். அதற்கு அப்பால் யூதர் மட்டுமே.

பிற்காலத்தில், யூதரல்லாதவரிடம் நற்செய்தியைக் கொண்டுபோன பவுல் எருசலேமில் கைதானதும் இந்தத் தடுப்பின் பேரில்தான். எபேசு ஊர்க்காரரான துரோப்பீமுவை, அதாவது யூதரல்லாத ஒருவரை, உள்ளே அழைத்துப் போய்விட்டார் என்று கூட்டம் கொதித்தது. ரோமப் படை வந்து இழுத்துக்கொண்டு போனதால் உயிர் பிழைத்தார். உண்மையில் அழைத்துப் போனாரா? இல்லை, இருவரையும் ஊருக்குள் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள் என்கிறது, முதல் கிறிஸ்தவர்களின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல்.

[திரையில்: மத்தேயு 10, 15, 28 என்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக]

இயேசு யாருக்காகப் பேசினார் என்ற கேள்விக்கு, மத்தேயு நற்செய்தியில் இரு தரப்புக்கும் வசனம் கிடைக்கும். பத்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு சீடர்களையும் அனுப்பும்போது, புறஜாதியாரிடம், அதாவது யூதரல்லாதவரிடம், போகாதீர்கள், சமாரியர் ஊர்களுக்குள் நுழையாதீர்கள், இஸ்ரவேல் வீட்டாரிடமே போங்கள் என்கிறார். அதே நூலின் கடைசி அதிகாரத்தில், சகல ஜாதிகளையும் சீடராக்குங்கள் என்கிறார். ஆளுக்கொரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மோதுவது வெகு எளிது.

இடையில் பதினைந்தாம் அதிகாரம் இருக்கிறது. தீரு, சீதோன் பக்கத்தில் ஒரு கானானியப் பெண், அதாவது யூதரல்லாதவள், தன் மகளைக் குணப்படுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். இயேசு முதலில் பதிலே சொல்வதில்லை. பிறகு, பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்கிறார். கேட்கவே கசப்பான சொல். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. எஜமானின் மேசையிலிருந்து விழும் துணுக்குகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்கிறாள். மகள் குணமடைகிறாள். இயேசுவை எதிர்த்துப் பேசி வென்றவர் என்று நற்செய்திகளில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், என் கணக்கில் பெயர் தெரியாத இந்தப் பெண்தான்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். யூதரல்லாதவருக்கு எதுவும் கிடையாது என்று இது சொல்லவில்லை. யூதருக்கு முதலில் என்கிறது. பவுலும் ரோமர் கடிதத்தின் தொடக்கத்தில் இதே வரிசையைத்தான் வைக்கிறார்: முன்பு யூதருக்கு, பின்பு கிரேக்கருக்கு. எல்லா இனங்களும் ஒருநாள் இஸ்ரவேலின் கடவுளைத் தேடி வரும் என்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த கருத்தும் அல்ல. யூதரின் வேதத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் அது இருக்கிறது. வேற்றின நகரமான நினிவேயின் மக்களுக்குக் கடவுள் இரங்குவதைப் பொறுக்காமல் முகம் சுளிக்கும் யோனாவின் கதையும் யூதர்கள் எழுதியதுதான்.

[திரையில்: மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை வரைபடம். எருசலேம், செசரியா, அந்தியோகியா.]

அப்படியானால் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள்? யூதரல்லாதவரைச் சேர்க்கலாமா என்பதைவிட, அவர்கள் முதலில் யூதராக மாற வேண்டுமா என்பதே முள்ளாகக் குத்திய கேள்வி. ஆண்களுக்கு அதன் பொருள் விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் முன்தோலை வெட்டி நீக்கும் சடங்கு. மயக்கமருந்து இல்லாத காலத்தில், வளர்ந்த ஆணுக்கு! ரோமப் பேரரசின் பல நகரங்களில் ஜெப ஆலயத்துக்கு வந்து, யூதரின் கடவுளை வணங்கி, ஆனால் அந்தக் கடைசிப் படியில் ஏறாமல் நின்றவர்கள் இருந்தார்கள். துருக்கியின் அப்ரோடிசியாஸ் என்ற ஊரில் கிடைத்த, சில நூற்றாண்டுகள் பிந்திய கல்வெட்டு ஒன்றில், கடவுளுக்கு அஞ்சுவோர் என்று யூதர்களிலிருந்து தனியே இவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நகரமன்ற உறுப்பினர்களும் உண்டு. இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுரு செசரியாவில் சந்தித்து, விருத்தசேதனம் கேட்காமலே ஏற்றுக்கொண்ட ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவும் இந்த வகைதான்.

இந்தக் கேள்வியைத் தீர்க்க ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். அங்கே பேதுரு தன் கொர்நேலியு அனுபவத்தைச் சொல்கிறார். பவுலும் பர்னபாவும் தாங்கள் போன ஊர்களில் நடந்ததைச் சொல்கிறார்கள். இயேசுவின் சகோதரரும் எருசலேம் திருச்சபையின் தலைவருமான யாக்கோபு, ஆமோஸ் தீர்க்கதரிசியிலிருந்து எடுத்துப் பேசுகிறார். இயேசுவே இப்படிச் சொன்னார் என்று எழுந்து நின்று முடித்து வைப்பவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு இது மிகப் பெரிய சான்றாகப் படுகிறது. விருத்தசேதனம் வேண்டாம் என்று இயேசு தெளிவாகச் சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்திருக்கும். மத்தேயுவின் கடைசி வசனங்களிலும் போங்கள் என்ற கட்டளை இருக்கிறதே தவிர, இந்த நிபந்தனையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

கூட்டத்தின் முடிவு: விருத்தசேதனம் தேவையில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்ததையும், இரத்தத்தையும், நெரித்துக் கொன்றதையும், வேசித்தனத்தையும் தவிர்த்தால் போதும். ஆனால் பவுல் தம் கையால் எழுதும்போது இந்தச் சாப்பாட்டு விதிகளைச் சொல்வதேயில்லை; ஏழைகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள் என்கிறார்.

[திரையில்: ஓரோந்தெஸ் ஆறு, இன்றைய அந்தாக்கியா]

அந்தியோகியாவுக்கு வருவோம். கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதலில் வழங்கிய ஊர். யூதரும் அல்லாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேதுருவும் வந்து உட்கார்ந்தார். பிறகு யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள்; அவர்களுக்கு அஞ்சிப் பேதுரு மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பவுலோடு ஊர் ஊராக அலைந்த பர்னபாவும் போய்விட்டார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டையின் காரத்தைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கேட்டதாகப் பவுல் கலாத்தியர் கடிதத்தில் எழுதுகிறார்: யூதராகிய நீரே யூதரைப்போல் நடக்காதபோது, மற்றவர்களை யூதரைப்போல் நடக்கக் கட்டாயப்படுத்துவது எப்படி? பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் பவுல் அதை விட்டிருப்பாரா? அன்றைய வாதத்தில் பவுல் தோற்றார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நடபடிகள் நூலோ இந்தச் சண்டையை அடியோடு விட்டுவிட்டு, பவுலும் பர்னபாவும் பிரிந்ததற்கு மாற்கு என்ற இளைஞரைக் கூட்டிப்போவதில் வந்த தகராறைக் காரணமாகச் சொல்கிறது.

[திரையில்: கி.பி. 70, எரியும் ஆலயம்]

அந்தியோகியாவில் தோற்றாலும் காலம் பவுல் பக்கம் சாய்ந்தது. 62-இல் யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். எருசலேம் திருச்சபையின் குரல் மங்கியது. யூதரல்லாதவர்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. இதன் வாடை பவுலுக்கு முன்பே அடித்திருக்க வேண்டும். ரோமர் 11-இல் அவர் யூதரல்லாத கிறிஸ்தவர்களைத்தான் எச்சரிக்கிறார்: நீங்கள் ஒட்டவைக்கப்பட்ட காட்டு ஒலிவக் கிளை, இயல்பான கிளைகளான யூதரைப் பார்த்துப் பெருமை பேசாதீர்கள்.

அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய நூலில் திரிபோ என்ற யூதர் கேட்கும் கேள்வி தலைகீழாக இருக்கிறது: இயேசுவை ஏற்றுக்கொண்டு, மோசேயின் சட்டத்தையும் கடைப்பிடிக்கும் ஒரு யூதர் மீட்படைவாரா? மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாவிட்டால் அடைவார் என்கிறார் ஜஸ்டின். ஆனால் அப்படிப்பட்டவர்களோடு பேசவும் வீட்டில் சேர்க்கவும் மறுக்கும் கிறிஸ்தவர்கள் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறார். கி.பி. 400-ஐ ஒட்டி, பேதுருவும் பவுலும் அந்தியோகியாவில் சண்டை போடுவதுபோல் நடித்தார்கள், அவ்வளவுதான் என்று வேத அறிஞர் ஜெரோம் சாதித்தார். வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் அதை ஏற்கவில்லை. வேதத்தில் நடிப்பு இருந்தால் எதைத்தான் நம்புவது என்று கேட்டுக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போரில்தான், யூதராகவும் கிறிஸ்தவராகவும் இருக்க விரும்பிய நசரேயர்களை, இரண்டும் அல்லாதவர்கள் என்று ஜெரோம் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்.