கூண்டு மாறினா சட்டமும் மாறுதே!

நடுவர் ஐயா, வணக்கம். எதிரணி அக்கா பேசிட்டுப் போனதுல பாதிப்பேருக்கு கண்ணு கலங்கிருச்சு, எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். கதை இதுதான்: கொலைகாரன் பாவசங்கீர்த்தனத்துல, அதாவது செஞ்ச பாவத்த சர்ச் ஃபாதர்கிட்ட ரகசியமா ஒத்துக்கிற சடங்குல, வந்து நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போயிடுறான், பழி கடைசில அந்த ஃபாதர் மேலயே விழுது, அவர் கோர்ட்டுல வாயத் தொறக்கல. அந்த மௌனம் தியாகமா, துரோகமா? செத்தவனோட ஆத்தாவுக்கு என்ன பதில்னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி, எங்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா துரோகம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

கட்சிக்காரன் தான் செஞ்ச கொலைய வக்கீல்கிட்ட ஒத்துக்கிட்டா வக்கீல் அத வெளிய சொல்லக்கூடாது. 1872 சாட்சியச் சட்டத்துல பிரிவு 126, 2024 ஜூலைலேர்ந்து புதுச் சட்டத்துல 132. புருசன் பொண்டாட்டி பேச்சுக்கும் தனிப் பிரிவு இருக்கு. ஃபாதருக்கு? ஒண்ணும் கெடையாது! சாட்சிக் கூண்டுல ஏத்திக் கேட்டா சொல்லித்தான் ஆகணும், சொன்னா திருச்சபைச் சட்டம் அவர சபைய விட்டே விலக்கிரும்.

இப்ப வேடிக்கையப் பாருங்க. அதே மனுசன் குற்றவாளிக் கூண்டுல நின்னா பேசாம இருக்கலாம், தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாதுங்குது அரசியல் சட்டம் 20(3), ஜட்ஜ் கேட்டதுக்குப் பதில் சொல்லலன்னு தண்டனை கெடையாது. அப்ப சாட்சியா ஏறினா காப்பாத்த முடியாத ரகசியத்த, கொலைப்பழியச் சுமந்து நின்னாதான் காப்பாத்த முடியும்! இந்த மாதிரி கதைக்கு முடிச்சே இங்கதான் இருக்கு, யாரு கொன்னதுங்கறது நமக்கு அஞ்சாம் பக்கத்துலயே தெரிஞ்சிருமே.

நம்ம ஊருக்கு இது புரியாதா? பர்மா, மலேயாவுல செட்டியார்மாரு நடத்துன வட்டிக்கடைகளுக்கு அடுத்தாளா (மேலாளுக்கு உதவியாளு), பெட்டியடிப் பையனா (கல்லாப்பெட்டிகிட்ட வேலை பழகுற பையன்) போனவங்க, யாரு எவ்வளவு கடன், எது அடமானம்னு எல்லாம் தெரிஞ்சும் ஊருக்குத் திரும்பி வீட்டு வளவுல (உள்முத்தத்துல) உக்காந்து ஒரு வார்த்தை விட்டா அடுத்த கடையில சேத்துக்குவாங்களா? (சிலபேரு விட்டாங்க, அது ஆச்சிமாருக்குத்தான் தெரியும்.)

1939லேயே கம்பன் கழகம் வந்த காரைக்குடியில நின்னுக்கிட்டு பரதன இழுக்காம இருக்க முடியுமா? ராமன கொல்ல வர்றான்னு குகன் படையோட நிக்கிறான். பரதன் ஒரு விளக்கமும் சொல்லல, அந்த மரவுரியும் அழுக்கு உடம்பும் பாத்ததுமே குகன் கைவில்லு நழுவிருச்சு. கோர்ட்டுல மூஞ்சியப் பாத்து விட முடியாது, சரி, ஆனா மௌனத்த மட்டும் வச்சு தூக்குலயும் போட முடியாதே, நிரூபிக்க வேண்டியது போலீசு. கொலைகாரன் தப்பிச்சா அவங்கள விட்டுட்டு அந்த மனுசன ஏன் கேக்குறீங்க?

மணி அடிக்காதீங்க நடுவரே, ஒரே ஒரு கேள்வி. அக்கா, உங்க வீட்டுக்காரர் வக்கீல்னு நீங்கதான் ஆரம்பத்துல சொன்னீங்க, நாளைக்கு ஒரு கட்சிக்காரன் அவர்ட்ட இதே மாதிரி ஒத்துக்கிட்டுப் போயி அவர் உங்ககிட்டகூட மூச்சு விடலன்னா, அவர என்னன்னு கூப்பிடுவீங்க?