ஓடும்போதே பாட் ரேட்டை மாற்றலாமா?

ஆர்டுயினோ மெகா என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில், சீரியல்1 என்ற போர்ட்டில் நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை இணைத்திருக்கிறார் ஒரு நண்பர். முதலில் 9600 பாட் ரேட்டில், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில், போர்ட்டைத் திறக்கும் பிகின். பிறகு ஜிபிஎஸ்ஸின் வேகத்தை 38400 ஆக்கும் கட்டளையை பிரிண்ட் செய்கிறார். அடுத்த வரியிலேயே 38400-க்கு மறுபடியும் பிகின். வருவதெல்லாம் குப்பை எழுத்து. "ஓடும்போது வேகத்தை மாற்றவே கூடாதா?" என்று கேட்கிறார்.

தாராளமாக மாற்றலாம். சிக்கல் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். பிரிண்ட் முடிந்தது என்றால் எழுத்துகள் வெளியே போய்விட்டன என்று அர்த்தமில்லை, பஃபரில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் நினைவகத்தில், ஏறிவிட்டன, அவ்வளவுதான். அந்தக் கட்டளை ஏறக்குறைய 33 எழுத்து. எழுத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து எழுத்துக்கு 10 பிட். 9600-ல் அது முழுசாக வெளியேற 34 மில்லி செகண்ட் ஆகும். நீங்களோ அதற்குள் வேகத்தை மாற்றிவிட்டீர்கள். முதல் ஓரிரு எழுத்தைத் தவிர மீதி எல்லாம் 38400-ல் போகிறது. ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றும் புரியாது, அது பாட்டுக்கு 9600-லேயே பேசிக்கொண்டிருக்கும்.

அதனால் பிரிண்டுக்கு அப்புறம் சீரியல்1.ஃபிளஷ் போடுங்கள். கடைசி பிட் போகும்வரை அது காத்திருக்கும். பிறகு போர்ட்டை மூடும் எண்ட், ஒரு 100 மில்லி செகண்ட் டிலே, அதற்குப் பிறகு 38400-க்கு பிகின். பழைய பாடங்களில் ஃபிளஷ் என்றால் வந்த டேட்டாவை அழிப்பது என்று இருக்கும். 2011-ல் வந்த ஆர்டுயினோ 1.0-க்கு முன்பு அப்படித்தான். இப்போது இல்லை.

மாறிய உடனே வரும் முதல் வரி பாதியாக இருக்கலாம். ஜிபிஎஸ்ஸின் ஒவ்வொரு வரியும் தொடங்கும் டாலர் குறி ($) வரும்வரை வருவதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, ரீசெட் பட்டனை அழுத்தினால்? மெகா 9600-க்குத் திரும்பிவிடும், ஜிபிஎஸ் 38400-லேயே இருக்கும். கட்டளை அதற்குப் புரியாது, ஆனால் அடுத்து நீங்களும் 38400-க்குப் போய்விடுவதால் பாதகமில்லை. பதிலுக்குக் காத்திருந்துதான் வேகத்தை மாற்றுவேன் என்று எழுதியிருந்தால்தான் அங்கேயே நின்றுவிடும்.

115200 வேண்டுமா என்றால், எனக்கு விருப்பமில்லை. மெகாவுக்குக் கடிகாரமாக இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் அந்த வேகம் 2.1 சதவீதம் பிசகும். 38400-ல் பிசகு 0.2 சதவீதம்தான்.