திரையில் எண்ணா, கையில் குமிழா? மெட்டல் டிடெக்டர் பற்றி ஒரு கேள்வி

அடுத்த கேள்வி, இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, இப்போது வரும் மெட்டல் டிடெக்டர்கள் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதைத் திரையில் எண்ணாகவே காட்டுகின்றன. நீங்கள் ஏன் இன்னும் திருகும் குமிழ் வைத்த பழைய கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடக்கிறீர்கள்? நான் முதல் கருவி வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும்?"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் தம்பி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

என் வீடியோவில் நீங்கள் பார்த்தது தெசோரோ கம்பெனியின் காம்பாத்ரே என்ற கருவி. அமெரிக்காவின் அரிசோனாவில் செய்தது. எடை ஒரு கிலோ அளவுதான், ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. பெட்டி முழுக்கத் தேடினாலும் குமிழ் ஒன்றுதான் இருக்கும். ஆன் செய்வதும் அதில்தான், வேண்டாத உலோகத்தை ஒதுக்குவதும் அதில்தான். கம்பெனியை 2018-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் இந்தக் கருவிகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. விற்றவர்களே ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி தேடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு குமிழ் என்ன செய்கிறது? கருவியின் கீழ் முனையில் இருக்கும் வட்டமான கம்பிச் சுருள் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதற்குள் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுழன்று, பதில் சைகை ஒன்று திரும்பி வரும். அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும், அளவையும் தடிமனையும் பொறுத்தும் மாறும். திரை வைத்த கருவி அதைக் கணக்குப் போட்டு ஓர் எண்ணாக்கிக் கொடுக்கும். குமிழ் வைத்த கருவி எண் எதுவும் சொல்லாது. "இதற்குக் கீழே உள்ளதை எனக்குச் சொல்லாதே" என்று நீங்கள்தான் குமிழைத் திருகி ஓர் எல்லை வைக்கிறீர்கள். எல்லையைத் தாண்டினால் சத்தம் வரும், தாண்டாவிட்டால் வராது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த எல்லையை நடக்க நடக்க நகர்த்தலாம் பாருங்கள், சுவையே அங்கேதான் இருக்கிறது. போன செப்டம்பரில் அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் இருந்தேன். முதலில் உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன், அது இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஓர் இடத்தில் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. சுருளை அந்த இடத்தின் மேல் அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டே கட்டை விரலால் குமிழைத் திருகினேன். இரும்பு அடங்கும் இடத்தைத் தாண்டியும் சத்தம் நிற்கவில்லை. அலுமினியத் தாள் அடங்கும் இடத்தையும் தாண்டினேன். இன்னும் ஒரு மயிரிழை திருகியதும் சத்தம் உடைந்து, நடுநடுவே விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு அடங்கிவிட்டது. பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தி ஸ்டேஷன் பிடிப்போமே, கிட்டத்தட்ட அந்த உணர்வுதான். கூட வந்த நண்பர் அதே இடத்தில் தன் திரைக் கருவியை வைத்துப் பார்த்தார். எண் ஒரு நிலையில் நிற்காமல் மேலும் கீழும் குதித்தது. "குப்பைதான், நான் தோண்ட மாட்டேன்" என்றார். தோண்டினேன். ஒரே குழியில் வளைந்த இரும்பு ஆணி ஒன்று, பக்கத்திலேயே சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளிக் காசு ஒன்று. பின்பக்கத்தில் ஓரம் வரை நீண்ட சிலுவை. இங்கிலாந்தில் 1247-ல் மூன்றாம் ஹென்றி காலத்தில் வந்த வடிவம் அது.

நண்பரின் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆணியும் காசும் சேர்ந்து கொடுத்த சைகைக்கு ஓர் எண் போடச் சொன்னால் அது என்னதான் செய்யும்? ஆனால் எண்ணைப் பார்த்ததும் நாம் காதை மூடிக்கொள்கிறோம். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்துத்தானே வாங்குவார்கள்? விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். இந்தப் பொழுதுபோக்கும் அப்படித்தான்.

ஆரம்பத்திலிருந்தே இது காதால் செய்யும் வேலைதான். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியோடு போனார். அதன் முனையில் இருந்தது தொலைபேசிக் குழல், அதைக் காதில் வைத்துத்தான் தேடினார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி தேடும் கருவியும் அப்படித்தான். 1942-ல் எகிப்தின் எல் அலமைன் பாலைவனத்தில் வீரர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் அதை ஆட்டியபடி நடந்தார்கள்.

அப்புறம் குளிர். ஜனவரி மாதம் கையுறை போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தி, மெனுவுக்குள் போய், அதற்குள் இன்னொரு மெனு திறந்து மாற்றுவது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். குமிழை கையுறையோடு திருகலாம். மழைத் துளி திரையை மறைக்கும் தொல்லையும் இல்லை.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் உப்பு ஈரம் ஊறிய மணலில் இந்த மாதிரிக் கருவி கத்திக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்யும் நவீன கருவிதான் சரி, நானே அதைத்தான் எடுத்துப் போவேன். பூங்காக்களில் ஒரே மாதிரி பாட்டில் மூடிகள் நிறையக் கிடந்தால் எண் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தங்க மோதிரத்தையும், குளிர்பான கேனை இழுத்துத் திறக்கும் வளையத்தையும் திரை பிரித்துக் காட்டிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். இரண்டின் சைகையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மோதிரம் வேண்டுமென்றால் வளையங்களையும் தோண்டித்தான் ஆக வேண்டும், எந்தக் கருவியாக இருந்தாலும்.

அதனால் தம்பி, வயல்தான் உங்கள் இடம் என்றால் முதல் கருவி குமிழ் வைத்ததாகவே இருக்கட்டும். வாங்கியதும் வயலுக்கு ஓடாதீர்கள். வீட்டு மேஜையில் ஓர் இரும்பு ஆணி, அலுமினியத் தாள் துண்டு, கேன் வளையம், மோதிரம், வெள்ளிக் காசு எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் சுருளை ஆட்டிக்கொண்டே குமிழைத் திருகி, சத்தம் எங்கே உடைகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். என் குமிழைச் சுற்றி அந்தப் புள்ளிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மேஜைப் பலகைக்குள்ளேயே ஆணி, திருகாணி எதுவும் இல்லையா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெல் அன்று குண்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு, அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்களும் ஒரு காரணம்.